செஞ்சியின் வரலாறு எழுதப்பட்ட வளாகம்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி ஆராயப் புகுபவர்கள் தேடிப் பிடிக்கும் ஆங்கில நூல் ஒன்று உண்டு. 1943இல் வெளிவந்த அதன் ஆசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். நூலை வெளியிட்டதும் அதே பல்கலைக்கழகம்தான்.

செஞ்சிக்கும், இந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரத்துக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரம் கோவிந்தராசர் சன்னிதியைப் புதுப்பிக்க முனைந்தவர் செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர். தீட்சிதர்கள் கடுமையாக எதிர்த்தும் அவர் பின்வாங்கவில்லை. அந்த வழியாக வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெந்தா இதை எழுதி வைத்திருக்கிறார். வெள்ளாற்று முகத்துவாரத்தில் நாயக்கர் அமைத்த ஊர்தான் இன்றைய பரங்கிப்பேட்டை என்பார்கள். பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருப்பதும் அங்கேதான்.

செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அடுத்து வந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தவர் உ. வே. சாமிநாதையர். இந்தக் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் செட்டியார் கொடுக்க, 1929இல் பல்கலைக்கழகம் பிறந்தது. வெளியூரில் இணைப்புக் கல்லூரி எதுவும் கிடையாது. ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்துக்கு அது புதுசு.

சிதம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கினால் மேற்கே கோயில், கிழக்கே அண்ணாமலைநகர். நடுவில் தண்டவாளம். நுழைவாயிலருகே மாணவர் ராஜேந்திரனின் சிலை நிற்கிறது. 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர் அவர். பட்டமளிப்பு விழாக்கள் நடக்கும் சாஸ்திரி அரங்கம், துணைவேந்தராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் பெயரைத் தாங்கியது. 1941இல் தமிழிசை மாநாடு கூடியதும் இந்த ஊரில்தான்.

வளாகத்தையே பார்க்காத பலருக்கும் இது சொந்தப் பல்கலைக்கழகம். 1979இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி, ஊர் ஊராகக் குமாஸ்தாக்களையும் ஆசிரியர்களையும் பட்டதாரிகளாக்கியது.

தேவைக்கு மேல் ஆள் சேர்த்ததில் நிதி நெருக்கடி முற்றி, 2013இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி நிர்வாகத்தை ஏற்றது. 2021இல் விழுப்புரத்தில் அமைந்த ஜெயலலிதா பல்கலைக்கழகம், அதே ஆண்டு இதனுடன் இணைக்கப்பட்டது. எதிர்க்கட்சியான அ.தி.மு.க. எதிர்த்தும் பயனில்லை. ஒரே வளாகம் என்ற பழைய ஏற்பாடு அத்தோடு முடிந்து, செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலையின் கீழ் வந்தன.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே. சீனிவாசாச்சாரிக்குப் பின் கிடைத்த சான்றுகளையும் சேர்த்து, அந்தக் கோட்டையின் முழு வரலாற்றை இந்தப் பல்கலைக்கழகமே தமிழில் புதிதாக எழுதி வெளியிட வேண்டும்.