விகுதி மாறிய சாட்டைத்தேள்

சாட்டைத்தேள் உண்மையில் தேளன்று. அதன் பின்முனையில் கொடுக்கு இல்லை. நூல்போல் மெலிந்த சாட்டையொன்றே நீண்டிருக்கும். சீண்டினால் காடி நெடியுள்ள அமிலத்தைப் பீய்ச்சும். 1802இல் லாத்ரேய் இதற்கு இட்ட பேரினப்பெயர் தெலிஃபோனஸ். கிரேக்கத்தில் 'பெண்ணைக் கொல்வது' என்று பொருள். நஞ்சற்ற உயிருக்குப் பொருந்தாப் பழி!

1884இல் இதன் புதைபடிவங்கள் இரு நாடுகளில் விவரிக்கப்பட்டன. பொஹீமியாவின் ரகோவ்னீக் நிலக்கரிப் படிவில் கிடைத்ததைக் குஷ்தா, வாழும் சாட்டைத்தேளின் பேரினமான தெலிஃபோனஸிலேயே சேர்த்தார். அமெரிக்காவில், இல்லினாயின் மேசன் கிரீக் இரும்புக்கல் உருண்டைகளில் கிடைத்ததற்கு ஸ்கட்டர், ஜெராலினுரா என்னும் புதுப் பேரினம் வகுத்தார். ஒரே ஆண்டில் எதிரெதிரான இரு முடிவுகள். 1904இல் ஃப்ரிச் பொஹீமிய இனத்தைப் பிரித்துப் புரோதெலிஃபோனஸ், அதாவது 'முந்தைய தெலிஃபோனஸ்' ஆக்கினார்.

பின்னர் கிடைத்தவையும் அந்தப் பேரினத்திலேயே வைக்கப்பட்டன. 1961இல் நெதர்லாந்து இனம் நீர்லாண்டிகஸ் ஆயிற்று. 1983இல் ஜெர்மனியின் ஹாகன்-ஃபோர்ஹாலே செங்கற்சூளைக் களிமண் குழியில் கிடைத்த, ஏறத்தாழ 32 கோடி ஆண்டு பழமையான இனத்துக்குப் பிரவுக்மனும் கோக்கும் நௌஃப்ராகஸ் என்று பெயரிட்டனர். இலத்தீனில் 'கலம் உடைந்தவன்'. நிலத்து உயிர்கள் நீரில் அடித்துவரப்பட்டுப் புதைந்த அவ்விடத்துக்கு நல்ல பெயர்தான்.

2008இல் டெட்லியும் டன்லப்பும் ஜெராலினுராவை மறு ஆய்வு செய்தனர். அவர்கள் எழுப்பிய வினா, இன்றைய சாட்டைத்தேளின் இரைபிடிக்கும் இடுக்கி எப்போது தோன்றியது என்பது. மேற்சொன்ன நெதர்லாந்து, ஜெர்மன் இனங்களின் முன்னுறுப்புகள் அத்தகைய வலிய இடுக்கியாக முதிர்ந்திருக்கவில்லை. பழைய பேரினத்திலேயே விட்டிருந்தால் அவ்வேறுபாடு பெயருக்குள் மறைந்தே கிடந்திருக்கும். எனவே அவ்விரண்டுக்கும் பாராஜெராலினுரா என்னும் புதுப் பேரினம் அமைந்தது. புதிதாக எதையும் தோண்டி எடுத்ததால் பிறந்த பேரினமன்று இது.

புரோதெலிஃபோனஸ் ஆண்பால், பாராஜெராலினுரா பெண்பால். இலத்தீனில் பெயரடை பெயரின் பாலுக்கு இசைய வேண்டும். 'நல்ல மகன், நல்ல மகள்' என்று பெயரடையை மாற்றாத தமிழருக்கு இது விந்தையாகப் படலாம். நௌஃப்ராகஸ் நௌஃப்ராகா ஆனது. நீர்லாண்டிகஸ் நீர்லாண்டிகா ஆனது. 1983இல் பெயரிட்ட இருவரின் பெயர்களும் இப்போது பிறை அடைப்புக்குள் எழுதப்படுகின்றன. இனம் முதலில் வேறொரு பேரினத்தில் இருந்தது என்பதற்கு விலங்கியல் பெயரீட்டு விதி வைத்திருக்கும் குறி அதுவே.