பழமைக்கு ஓர் அளவுகோல்

பழமையை ஆண்டைக் கொண்டு அளப்பதா, அமைப்பைக் கொண்டு அளப்பதா? கோயிலையும் நாணயத்தையும் ஆராய்வோர் எழுப்பும் இக்கேள்வி மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் எழுந்தது என்றால் நேயர்கள் வியப்படையலாம். மேடு பள்ளம் நிறைந்த மண் தடத்தில் நிகழும் மோட்டோகிராஸ் பந்தயத்தில் பழைய வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. அவற்றின் தகுதி விதிகளில் அப்பந்தயத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது.

1924-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்தின் கேம்பர்லியில் ஒரு போட்டி நடைபெற்றது. அக்காலத்துத் தேர்வோட்டங்களில் கண்காணிப்பாளர்கள் ஆங்காங்கே நின்று ஓட்டுவோரின் திறமையை மதிப்பிடுவர். கேம்பர்லியிலோ அம்மதிப்பீட்டை நீக்கி, வேகம் ஒன்றையே அளவாகக் கொண்டனர். தேர்வோட்டம் என்னும் பெயர் அதற்குப் பொருந்தாமற் போகவே, ஸ்கிராம்பிள் என்னும் பெயர் வழங்கலாயிற்று. பின்னர் ஐரோப்பாவில் பரவிய இவ்விளையாட்டுக்கு மோட்டோகிராஸ் என்ற பெயர் நிலைத்தது. 1952-இல் ஐரோப்பியப் பட்டமும், 1957-இல் உலகப் பட்டமும் ஏற்பட்டன.

தொடக்கத்தில் கனமான நான்கு வீச்சு எஞ்சின் வண்டிகளே கோலோச்சின. 500 சி.சி. பிரிவில் பிரிட்டனின் ஜெஃப் ஸ்மித் 1964, 1965 ஆகிய ஈராண்டுகளிலும் பி.எஸ்.ஏ. வண்டியில் உலகப் பட்டம் வென்றார். மறு ஆண்டே கிழக்கு ஜெர்மனியின் பால் ஃபிரீட்ரிக்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்ட சி.இசட். என்னும் இலகுவான இருவீச்சு வண்டியில் அப்பட்டத்தைக் கைப்பற்றினார்.

அடுத்த மாற்றம் அதிர்ச்சி தாங்கியில் நிகழ்ந்தது. அதுவரை பின்சக்கரம் ஏறி இறங்கும் தூரம் ஏறத்தாழ 4 அங்குலமே. பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸ் வகுத்த ஒற்றைத் தாங்கி அமைப்பை யமஹா நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1973-இல் சுவீடனின் ஹாகன் ஆண்டர்சன் அவ்வண்டியில் 250 சி.சி. உலகப் பட்டம் வென்றார். சில ஆண்டுகளுக்குள் அத்தூரம் 10 அங்குலத்தைத் தாண்டியது. பழைய வண்டி தட்டுத் தடுமாறிக் கடந்த பள்ளத்தைப் புதிய வண்டி தாவிக் கடந்தது.

அமெரிக்க வரலாற்று மோட்டார் சைக்கிள் பந்தயச் சங்கத்தின் விதி இவ்விடத்தில்தான் எல்லை வகுக்கிறது. 1974 வரையிலான மாதிரிகளே பழம்பிரிவுக்கு உரியவை. ஆனால் ஆண்டு மட்டும் போதாது. முன்சக்கர இயக்கம் 7 அங்குலத்தையும் பின்சக்கர இயக்கம் 4 அங்குலத்தையும் மீறலாகாது. மீறும் வண்டியை அவ்வளவிற்குள் கட்டுப்படுத்திய பின்னரே களம் இறக்கலாம். மறுபுறம், காலத்தால் பிற்பட்டதாயினும் வடிவமைப்பில் மாறாத வண்டிக்கு இடமுண்டு. சென்னையில் 1955 முதல் உருவான புல்லட் வண்டியை நினைத்தால் இதன் நியாயம் விளங்கும். பல பத்தாண்டுகள் அடிப்படை மாறாது வந்த அவ்வண்டியைப் பார்த்து ஆண்டைச் சொல்வது எளிதன்று. 1974-க்குப் பிற்பட்ட வண்டிகளையும் குளிர்விக்கும் முறை, பிரேக், தாங்கி அமைப்பு ஆகியவற்றைக் கொண்டே வேறு பிரிவுகளாக வகுக்கின்றனர்.

இத்தனை நுணுக்கம் எதற்கு எனலாம். விதி தளர்ந்தால், பழைய சட்டகத்தில் புதிய உறுப்புகளைப் பொருத்தும் செல்வரே வெல்வர். உண்மையான பழைய வண்டி களத்தைவிட்டே போய்விடும். விதி அளவு கடந்து இறுகினால், உதிரி உறுப்பு கிடைக்காமல் அவ்வண்டி காட்சிச்சாலைப் பொருளாகிவிடும். ஆதலின் தேயும் டயரையும் சங்கிலியையும் புதிதாக மாற்ற இசைவு உண்டு. வண்டியின் இயல்பை மாற்றுவதற்கு இல்லை.

ஜெஃப் ஸ்மித் பிற்காலத்தில் அமெரிக்கா சென்று, மேற்சொன்ன சங்கத்தின் செயல் இயக்குநராகப் பணியாற்றினார். தாம் வென்ற வண்டியின் காலம் ஓராண்டிற்குள் முடிந்ததை நேரிற் கண்டவர் அவர். அத்தகைய வண்டிகள் தம் காலத்து வண்டிகளோடு மட்டுமே மோத வழிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது பொருத்தமே.