கடையில் பிடித்துவைத்தல் – காரைக்கால்

கடையில் பிடித்துவைத்தல் என்பது, பொருளைத் திருடியதாகச் சந்தேகிக்கும் வாடிக்கையாளரைக் கடைக்காரரோ ஊழியரோ செக்யூரிட்டியோ வெளியே விடாமல் நிறுத்துவதும் அதற்காக அவர் மேல் கைவைப்பதும் ஆகும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இதற்கென்றே கடைக்காரருக்குத் தனி உரிமை உண்டு. நியாயமான சந்தேகம் இருந்தால், நியாயமான நேரம் வரை, நியாயமான முறையில் நிறுத்திவைக்கலாம். இந்தியாவில் அந்தச் சலுகை இல்லை. காரைக்கால் பாரதியார் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்குள்ள கைது அதிகாரம், அந்த வாசலைக் கடந்து நடந்துபோகிறவருக்கும் உள்ள அதிகாரம்தான். கடையின் பெயரும் காவலாளியின் சீருடையும் அதைக் கொஞ்சமும் கூட்டுவதில்லை.

புதுச்சேரியிலிருந்து சுமார் 130 கி.மீ. தெற்கே, காவிரிக் கழிமுகத்தில், தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ அமைந்தது காரைக்கால். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறியது. இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது 1963 அக்டோபர் 1 முதல். 2024 ஜூலை 1 முதல் நாடு முழுவதும்போல இங்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.) புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.) பொருந்துகின்றன.

தனிநபர் கைது

பி.என்.எஸ்.எஸ். 40-ஆம் பிரிவுப்படி, பிடியாணை வேண்டாத, பிணையில் விடத்தகாத குற்றத்தைத் தன் முன்னிலையில் செய்பவரை எவரும் கைது செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, வீண் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. புதிய சட்டம் அதோடு ஆறு மணி நேரம் என்று வரம்பும் கட்டியிருக்கிறது. அது வெளிவரம்பு மட்டுமே. ஆறு மணி நேரம் குடோனில் உட்காரவைத்து விசாரிக்கக் கொடுத்த அனுமதியாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

“தன் முன்னிலையில்” என்ற சொல்தான் இங்கே முக்கியம். மாலையில் சிசிடிவி பதிவை ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் அதில் தெரிந்த அம்மா கடைக்கு வரும்போது மடக்குவது இந்தப் பிரிவுக்குள் வராது. பதிவை வைத்துப் புகார் கொடுக்கலாம். வாசலில் அலாரம் அடிப்பதும் குற்றத்தைக் கண்ணால் கண்டதாகாது. பில் போட்ட பெண் சேலையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் டேக்கைக் கழற்ற மறந்திருப்பார். பணம் கட்டி, ரசீதைக் கையில் வைத்திருக்கும் வாடிக்கையாளர்மீது பத்துப் பேர் பார்வை விழும். அந்த ஒரு நிமிட அவமானத்தை எந்த மன்னிப்பும் முழுதாகத் துடைப்பதில்லை. முதலில் ரசீதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

5,000 ரூபாய்க் கோடு

பி.என்.எஸ். 303-ஆம் பிரிவு திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, குற்றவாளி முதல்முறை தண்டனை பெறுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். இந்தச் சிறு திருட்டை பி.என்.எஸ்.எஸ். முதல் அட்டவணை பிடியாணை வேண்டும் குற்றமாகவும் பிணையில் விடத்தக்க குற்றமாகவும் வைத்திருக்கிறது. அதாவது ஒரு சோப்புக்கும் பால் பவுடர் டப்பாவுக்கும் போலீஸ்காரரே பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாது. அவருக்கே இல்லாத அதிகாரம் கடை ஊழியருக்கு எங்கிருந்து வரும்?

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. சொத்தைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் நடக்கும் திருட்டை 305-ஆம் பிரிவு ஏழாண்டு வரை தண்டிக்கிறது. அதில் 5,000 ரூபாய்க் கோடு இல்லை, பிணையும் உரிமையாகக் கிடைக்காது. கடையும் அத்தகைய கட்டடமே என்று வாதிடலாம். ஆயினும் பொருளைத் திருப்பித் தந்த ஏழைக்குச் சமூக சேவை போதும் என்று நினைத்து எழுதிய சட்டத்தை, அதே ஏழையை அடைத்துவைக்கும் வழியாகப் படிப்பது அதன் நோக்கத்துக்கு ஒவ்வாது.

எவ்வளவு பலம்?

கைது அதிகாரம் இல்லாத இடத்திலும் சொத்தைக் காக்கும் தற்காப்புரிமை உண்டு (பி.என்.எஸ். 35). ஆனால் 37-ஆம் பிரிவு, தேவைக்கு மேல் துளி தீங்கும் கூடாது என்கிறது. 43-ஆம் பிரிவுப்படி, பொருள் திரும்பக் கைக்கு வந்ததும் அந்த உரிமை முடிந்துபோகிறது. ஓடுகிறவரின் கையிலுள்ள பையைப் பற்றி இழுக்கலாம். பை மீண்டபின் விழும் ஒவ்வோர் அறையும் தனிக் குற்றம். காயம் விளைவித்ததற்கு ஓராண்டு வரை சிறை (115). முறையான கைதிலும் தப்பாமலிருக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது.

உடலைச் சோதிப்பதும் கடையின் வேலையன்று. தனிநபர் கைது செய்தவரைச் சோதிக்கும் அதிகாரம், ஒப்படைக்கப்பட்ட பிறகு போலீசுக்கே உண்டு. பெண்ணாக இருந்தால் இன்னொரு பெண்தான், கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 49).

சட்டமின்றி அடைத்துவைத்தால் ஓராண்டு வரை சிறை (பி.என்.எஸ். 127). ஒப்புதல் வாங்கவோ பொருளைத் திருப்பித் தரச்செய்யவோ அடைத்தால் அது மூன்றாண்டாகிறது. அதற்காக அடித்தால் 120-ஆம் பிரிவில் ஏழாண்டு. “திருடினால் பத்து மடங்கு அபராதம்” என்று சுவரில் ஒட்டும் தாளுக்குச் சட்ட மதிப்பில்லை. அபராதம் விதிப்பது நீதிமன்றம். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன் என்று மிரட்டிப் பணம் வாங்கினால், பணம் வாங்கியவரே மிரட்டிப் பறித்த குற்றத்துக்கு (308) ஆளாகக்கூடும். மாங்கனித் திருவிழாவிலும் திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சியிலும் தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்திலும் இதே விதிகள்தான்.

அட்டப்பாடி

வேறொரு மாநிலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 2018 பிப்ரவரி 22 அன்று கேரளத்தின் அட்டப்பாடியில், கடைகளில் அரிசியும் உணவுப் பொருளும் திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள் தேடிப் பிடித்து, கைகளைக் கட்டி, அடித்து, முக்காலி என்னும் இடத்துக்கு நடத்திக் கொண்டுவந்தார்கள். போலீசிடம் ஒப்படைத்தபின் மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் உயிர் பிரிந்தது. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. அடித்தவர்கள் தங்களைத் திருடனைப் பிடித்தவர்களாகவே நினைத்திருந்தார்கள்.

எல்லையோரம்

காரைக்காலுக்கே உரிய சிக்கல் எல்லை. வாஞ்சூர் கடையிலிருந்து ஓடுகிறவர் சில நிமிடங்களில் நாகூருக்குள், அதாவது தமிழ்நாட்டுக்குள் போய்விடுவார். சட்டம் கேட்பது போலீஸ் அதிகாரியிடமோ, அவர் அருகில் இல்லையென்றால் அண்மையிலுள்ள காவல் நிலையத்திலோ ஒப்படைப்பதை; அந்த நிலையம் எந்த அரசுடையது என்று அது பார்ப்பதில்லை. பிடியாணை வேண்டாக் குற்றம் பற்றிய தகவலை, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் பதிவு செய்யலாம் (பி.என்.எஸ்.எஸ். 173). பழைய இடத்துக்கே இழுத்துவந்து முதலாளி முன்னால் நிறுத்துவதற்கு அதில் இடமில்லை. ஒப்படைக்கப்பட்டவர் குற்றம் செய்தார் என்று நம்பப் போதிய காரணம் போலீசுக்குத் தோன்றவில்லையெனில், 40-ஆம் பிரிவு சொல்கிறபடி அவரை உடனே விட்டுவிட வேண்டும்.