மரணச் சான்றிதழும் காணக்கிடைக்காமைச் சான்றிதழும்: தீவகத்திலிருந்து ஓர் ஒப்பீடு

2006 ஆகஸ்ட் 13ஆம் திகதி யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் உள்ள புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் எறிகணைகள் விழுந்து, அங்கே அடைக்கலம் புகுந்திருந்த பொதுமக்கள் பலர் மாண்டார்கள். ஒரு வாரம் கழித்து, 20ஆம் திகதி, அதே ஆலயத்தின் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளாரும் உடன் சென்ற ஒருவரும் அல்லைப்பிட்டியில் கடைசியாகக் காணப்பட்டார்கள். இருவரும் திரும்பவில்லை. ஒரே ஊரில், ஒரே மாதத்தில் நடந்தவை இவை. ஆனால் முதல் வாரத்து இழப்புக்கு அரசிடம் எடுக்கக்கூடிய தாள் வேறு, இரண்டாவது வாரத்து இழப்புக்கு வேறு.

முதலாவது மரணச் சான்றிதழ். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதற்கு அடிப்படை. இரண்டாவது காணக்கிடைக்காமைச் சான்றிதழ். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தை 2016இல் திருத்தியபோது அது பிறந்தது. இரண்டையும் வழங்குவது பதிவாளர் நாயகத்தின் திணைக்களம்தான். ஆனால் ஒன்று கொடுப்பதை மற்றது கொடுப்பதில்லை. எது வேண்டும் என்று தெரிவு செய்யும் பாரமோ வீட்டாரின் தலையில்.

எங்கே, யாரிடம்?

மரணச் சான்றிதழின் பாதை நேரானது. வீட்டில் இயற்கையாக நேர்ந்த சாவென்றால் கிராம சேவகரிடம் (ஜி.எஸ்.) அறிவித்து, அவருடைய அறிக்கையோடு அந்தப் பிரிவின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் போகவேண்டும். ஆஸ்பத்திரியில் என்றால் மரணத்துக்கான காரணத்தை வைத்தியர் எழுதித் தருவார். விபத்து, தற்கொலை, கடலில் மூழ்கியது என்றால் மரண விசாரணை அதிகாரியின் முடிவு வரவேண்டும். 3 மாதத்துக்குள் பதியாமல் விட்டால் அது காலங்கடந்த பதிவாகி, சத்தியக்கூற்று, சாட்சி என்று அலைச்சல் கூடும்.

தீவுக்காரர் இடறுகிற இடம் ஒன்று உண்டு. சாவு பதியப்படுவது ஆள் வாழ்ந்த ஊரில் அல்ல, உயிர் போன இடத்தில். நெடுந்தீவில் வருத்தம் கடுமையாகி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவர் அங்கே கண்மூடினால், பிரேதம் படகேறி ஊருக்கு வந்துவிடும். பதிவு யாழ்ப்பாணத்திலேயே இருக்கும். பதிவுகள் கணினியில் ஏறியபின் பிரதியை வேறு பிரதேச செயலகத்திலும் கேட்கலாம் என்றாலும், பதிவான பிரிவை விண்ணப்பத்தில் பிழையாக எழுதினால் அகப்படாது. பதிவு செய்த திகதியோ பதிவு இலக்கமோ கையில் இருந்தால் செலவு குறைவு. இல்லாவிட்டால் பதிவேடு தேடுவதற்குத் தனிக் கட்டணம்.

நெடுந்தீவுக்குச் சொந்தமாகப் பிரதேச செயலகம் இருக்கிறது. நயினாதீவார் படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வேலணைக்குப் போகவேண்டும். அனலைதீவு, எழுவைதீவு ஆட்களுக்கு ஊர்காவற்றுறை. சோளகக் காற்று பெலத்துப் படகு ஓடாத நாளில் அலுவலும் ஓடாது. ஆனாலும் இந்த அலைச்சலுக்கு ஒரு முடிவு உண்டு. மரணச் சான்றிதழின் பிரதியைக் கேட்க உறவுமுறைகூடக் காட்டத் தேவையில்லை. யாரும் கேட்டுப் பெறலாம்.

காணக்கிடைக்காமைச் சான்றிதழை உறவினர்தான் கேட்கலாம். ஜி.எஸ். அறிக்கையோ வைத்தியரின் எழுத்தோ இதற்குப் போதாது. ஆள் காணாமற்போனது உண்மை என்று காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமோ விசாரணை ஆணைக்குழு ஒன்றோ கண்டிருக்க வேண்டும். அந்த அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் கிளை திறந்தது 2019இல். மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதியில் 1990 ஆகஸ்டில் இராணுவம் பிடித்துச் சென்ற இளைஞர்களின் தாய்மார், அதற்குள் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பொலிஸ், செஞ்சிலுவைச் சங்கம், ஆணைக்குழு என்று ஏறி இறங்கி முடித்திருந்தார்கள். கிடைக்கிற தாளும் 2 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு நீடிக்க வேண்டும்.

கூடுகளில் எழுதுவது

மரணச் சான்றிதழில் இறந்த திகதியும் இடமும், பெயர், வயது, தொழில், தாய் தகப்பன் பெயர் என்று வரிசையாகக் கூடுகள் இருக்கும். மரணத்துக்கான காரணமும் அடக்கம் அல்லது தகனம் நடந்த இடமும் ஒரே கூட்டுக்குள் வரும். காணாமற்போனவரின் வீட்டார் தடுமாறுவது அந்தக் கூட்டில்தான். 2010ஆம் ஆண்டுச் சட்டம், ஓராண்டுக்கு மேல் தகவல் இல்லாதவரையும் உறவினரின் சத்தியக்கூற்றின் பேரில் இறந்தவராகப் பதிய வழி திறந்தது. ஆனால் பிடித்துக்கொண்டு போனவர்களுக்குத் தெரிந்த காரணத்தையும் இடத்தையும் பறிகொடுத்தவள் எப்படிச் சொல்வாள்? மரணச் சான்றிதழை எடுக்கும்படி தங்களை நெருக்குகிறார்கள் என்று உறவுகள் பலர் முறையிட்டது இந்தக் காலத்தில்தான்.

2016இன் திருத்தம் அந்த நெருக்குதலுக்கு மாற்று. ஆள் இறந்தார் என்று அது சொல்லவில்லை, காணவில்லை என்பதை மட்டும் அரசு ஒப்புக்கொள்கிறது. முன்பு மரணச் சான்றிதழ் எடுத்தவர்கள் அதை விட்டு இதற்கு மாறவும் இடமுண்டு. ஆர்ஜென்டீனா 1994இலேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்து, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர் என்ற நிலையைத் தனியாக ஏற்றுக்கொண்டது. பின்னர் பெருவும் அந்த வழியில் போனது.

காணி, சீதனம்

நடைமுறைப் பலத்தில் மரணச் சான்றிதழின் கை ஓங்கியிருக்கிறது. வங்கிப் பணம், சேமலாப நிதி, முதுசொம் பிரிப்பு, மறுமணம் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. காணக்கிடைக்காமைச் சான்றிதழை வைத்து நலன்புரி உதவி கேட்கலாம், பிள்ளைகளுக்குத் தற்காலிகப் பாதுகாவலராகலாம், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். தற்காலிகம் என்ற சொல் இல்லாமல் அதில் பெரிதாக எதுவும் இல்லை.

யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்தில் இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. கணவன் காணாமற்போன வேலணைப் பெண் தன் மகளுக்குச் சீதனம் எழுத நொத்தாரிசிடம் போனால், அவர் முதலில் கேட்பது கணவனின் கையெழுத்தை. மரணச் சான்றிதழ் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். தாய் தன் நம்பிக்கையை வைத்திருக்கலாம் என்று சொல்கிற அதே சட்டம், அதற்கான செலவை மகளின் கலியாணத்தில் வைக்கிறது.

திதியும் பொட்டும்

செத்தவீடு, எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் எல்லாம் ஒரு திதியைப் பிடித்துத்தான் நடக்கும். மரணச் சான்றிதழின் முதற்கூட்டில் இருப்பதும் திகதிதான். ஊர்வழக்கமும் அரசுப் பதிவும் அங்கே கைகோக்கின்றன. காணாமற்போனவருக்குத் திதி இல்லை. பிள்ளைகள் ஆடி அமாவாசை பிடித்தால் தகப்பன் இறந்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும். கத்தோலிக்க வீட்டில் நவம்பர் 2ஆம் திகதி ஆத்துமாக்கள் தினத்துக்குப் பெயர் கொடுப்பதிலும் அதே தயக்கம். இந்த வீடுகளில் பொட்டை அழிக்காமல் இருக்கும் மனைவிக்கு இரண்டாவது தாள் ஒரு மரியாதை. அவளுடைய நிலையை அது பொய்யாக்கவில்லை.

ஆனால் அதிலும் ஒரு விலைச்சீட்டு தொங்குகிறது. 2019 வரவு செலவுத் திட்டம் இச்சான்றிதழ் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபா அறிவித்தது. 2022 மார்ச்சில் ஒருதடவைக் கொடுப்பனவாக 1 இலட்சம் ரூபாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரக் கொட்டிலில் இருந்து போராடும் உறவுகள், காசு வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்றார்கள். இடையில் 2020 ஜனவரியில், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரித்தபின் மரணச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். இரண்டு தாள்களில் எது சரி என்று அரசே ஒரு நிலையில் நிற்கவில்லை.

இன்றைய நிலையில் காணி, வங்கி அலுவல் நெருக்கும் வீட்டுக்கு மரணச் சான்றிதழ் வழிவிடும். விசாரணையை விட மனமில்லாத வீட்டுக்கு மற்றது பொருந்தும். ஆனால் வறுமையை வைத்து இதைத் தெரிவு செய்ய விடுவது நியாயமில்லை. காணக்கிடைக்காமைச் சான்றிதழின் 2 ஆண்டு வரம்பை எடுத்துவிட்டு, தேசவழமைச் சம்மதத்துக்கு அதையே போதுமானதாக்கி, வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுச் செயலகங்களிலேயே விண்ணப்பத்தை ஏற்றால் வேறுபாட்டில் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி மரணச் சான்றிதழின் அந்த ஒரு கூட்டில் இருக்கிறது. காரணத்தையும் இடத்தையும் விசாரித்து அதில் எழுத வேண்டியது அரசு; பெற்றவளிடம் பேனையைக் கொடுத்துவிட்டு ஒதுங்க அதற்கு உரிமை இல்லை.