யவனர் சாடியும் நொய்யல் கரையும்

கோயமுத்தூரிலிருந்து திருப்பூர் போகும் ரயிலில் ஏறினால் வழியில் சோமனூர் வரும். இறங்கியவர் காதில் முதலில் விழுவது விசைத்தறிச் சத்தம். இந்த ஊருக்குத் தெற்கே சிறிது தூரத்தில் நொய்யல் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது ஆற்றுக்குக் காட்டும் மரியாதை. வெள்ளியங்கிரி மலையில் நல்ல மழை பெய்தால் ஓடும். மற்ற நாட்களில் அதில் வருவது பெரும்பாலும் கோவை நகரத்தின் கழிவுதான். ஆனாலும் அந்தக் கரையை நான் வெறுங்கரையாகப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் உலகத்தின் பணமும் பண்டமும் நடந்து போன கரை அது.

அந்தப் பண்டங்களில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். அது திராட்சை மது. நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். குடியை உபதேசிக்க வரவில்லை, சரித்திரம் சொல்லவே வந்தேன்.

ஆஸ்திரேலியா போய் வந்தவர்கள் அந்த நாட்டுத் திராட்சை மதுவை வியந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தரமும் உயர்வாம், விலையும் சகாயமாம். 1788-ல் கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களோடு திராட்சைக் குச்சிகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. இன்று அங்கே சாமான்யக் குடும்பத்தின் சாப்பாட்டு மேஜையிலும் அந்த மது இருக்கிறது. ஆனால் அதே புட்டி நம் நாட்டுக்கு வந்தால் சீமான் வீட்டுப் பொருளாகி விடுகிறது. காரணம் கடலும் சுங்கமும். இரண்டு நாடுகளுக்கும் இடையே 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தின்படி, 5 டாலருக்கு மேற்பட்ட புட்டிகளுக்கு 150 சதவிகிதமாக இருந்த தீர்வை 100 சதவிகிதமாயிற்று. 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு 75 சதவிகிதமாயிற்று. பத்து ஆண்டுகளில் இவை இன்னும் குறையும். 5 டாலருக்குக் கீழே உள்ள சாமான்ய மதுவுக்கோ சலுகை கிடையாது! அங்கே ஏழைக்கு எட்டுவது இங்கே பணக்காரனுக்கும் யோசனைக்குரியதாகிறது.

இது புதிய விந்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் நடந்து முடிந்த கதைதான்.

பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. யவனர் நல்ல கலங்களில் கொண்டு வந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொன் கிண்ணத்தில் ஏந்தித் தர, அதைப் பருகி நீ இனிது வாழ்க என்பது அந்த வாழ்த்தின் சாரம். பள்ளிக்கூடத்து நாள் முதல் நாம் இதைப் பெருமையோடு சொல்லி வருகிறோம். ரோமாபுரியே நம் அரசனுக்கு மது வார்த்தது என்பதில் யாருக்குத்தான் மார்பு நிமிராது?

ஆனால் அந்தச் சாடிக்குள் இருந்தது என்ன? இந்தக் கேள்விக்கு விடை மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டினார். இரண்டு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட யவனச் சாடிகளின் உடைசல்கள் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. அவற்றைப் பின்னர் பரிசோதித்தவர் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்கப் பெண்மணி. சாடியின் கைப்பிடியைப் பார்த்தே அது எந்த ஊர்ச் சூளையில் வெந்தது என்று சொல்லக் கூடியவர். அரிக்கமேட்டு மதுச் சாடிகளில் பெரும்பங்கு கிரேக்கர்களின் கோஸ் தீவைச் சேர்ந்தவை, அல்லது அந்தத் தீவின் சாடியைப் பார்த்து வேறிடங்களில் செய்யப்பட்டவை என்று அவர் கண்டார்.

கோஸ் தீவு மதுவின் விசேஷம், அதில் கடல் நீர் கலப்பதுதான். உப்பு மதுவைக் கெடாமல் காக்கும். நெடுந்தூரக் கடல் பிரயாணத்தைத் தாங்கும். அதைப் போலவே இத்தாலியில் செய்வது எப்படி என்று கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் காட்டோ என்ற ரோமப் பெரியவர் தம் விவசாய நூலில் பக்குவம் எழுதி வைத்திருக்கிறார். காற்றில்லாத நாளில், நல்ல தண்ணீர் கலவாத நடுக்கடலுக்குப் போய், திராட்சை அறுவடைக்கு 70 நாள் முன்னதாகவே நீர் மொண்டு வைக்க வேண்டுமாம். ஊறுகாய்க்கு உப்பு நீர் எடுத்து வைப்பது போன்ற ஏற்பாடு! போலி செய்வதற்குப் பக்குவம் எழுதும் அளவுக்கு ஊர் ஊராகப் புழங்கிய, சகாயமான சரக்கு அது. மதுரைப் பொற்கிண்ணத்தில் விழுந்தது இதுதான் என்று சாதிக்க முடியாது. இத்தாலிய உயர் ரகமும் நம் கரைக்கு வந்தது உண்டு. ஆனால் கரை இறங்கிய சாடிகளில் மிகுதியானது எதுவோ, அதை வைத்துத்தானே யூகிக்க வேண்டும்?

விலை விவரமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்து மதுக்கடைச் சுவர் ஒன்றில், ஒரு காசுக்குச் சாதாரண மது, இரண்டு காசுக்கு அதைவிட நல்லது, நான்கு காசுக்குப் பேர்போன பலேர்னிய மது என்று எழுதியிருந்தது. இந்தக் காசு ‘ஆஸ்’ என்ற செம்பு நாணயம். பதினாறு ஆஸ் சேர்ந்தால் ஒரு ‘தினாரியஸ்’ வெள்ளிக் காசு.

இந்த இடத்தில் கதை மறுபடி நொய்யலுக்குத் திரும்புகிறது. சோமனூருக்கு மேற்கே, கோயமுத்தூரை ஒட்டி நொய்யல் கரையில் உள்ள வெள்ளலூரில், 1842-ல் ஒரு புதையல் கிடைத்தது. அதில் 500-க்கு மேற்பட்ட தினாரியஸ் காசுகள். பெரும்பாலானவற்றில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய சக்கரவர்த்திகளின் முகங்கள். 1891-லும் 1931-லும் அதே ஊரில் மேலும் புதையல்கள் வெளிப்பட்டன. பாம்பேய் சுவரிலுள்ள கணக்குப்படி, வெள்ளலூர்க் காசு ஒன்றுக்கு அங்கே பதினாறு கிண்ணம் சாதாரண மது கிடைத்திருக்கும். பலேர்னிய மது என்றால் நான்கு கிண்ணம். காசு கொண்டு வந்த மாலுமிக்குத் தன் ஊரில் தெருக்கடைச் சரக்காக இருந்தது, பாட்டில் ஏறும் அளவுக்கு இங்கே உயர்ந்து விட்டது.

அவ்வளவு வெள்ளி ஏன் இந்தக் கரைக்கு வந்தது? மேற்குக் கடல் துறையான முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, நொய்யலை ஒட்டிக் கருவூர் வரை செல்லும் வழி இது. பிற்காலச் சோழர் காலத்தில் இதன் ஒரு பகுதிக்கு ராசகேசரிப் பெருவழி என்று பெயர்; அந்தப் பெயர் பொறித்த கல்வெட்டு கோவைக்கு மேற்கே இருக்கிறது. இந்த வழியில், சோமனூருக்குக் கிழக்கே அதே ஆற்றின் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் அது. 1985 முதல் நடந்த அகழ்வாராய்ச்சியில் இரும்பு உருக்கிய உலைகளும், பாதி அறுத்த மணிகளும், பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் அங்கே கிடைத்தன. காங்கயத்துக்கு அருகே படியூரில் எடுத்த பச்சைக்கல் அங்கே பட்டை தீட்டப்பட்டது. அந்தக் கல் ரோமச் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போயிற்று.

அங்கே அதன் விலை என்ன? பிளினி என்ற ரோம ஆசிரியர் அழாத குறையாகச் சொல்கிறார்: ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது, அங்கிருந்து வரும் சரக்கு இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்று. அந்த நூறு மடங்கில் ரோம அரசாங்கம் எல்லையில் வாங்கிய கால் பங்கு சுங்கமும் அடக்கம்.

ஆகவே நஷ்டப்பட்டவர் யார், லாபம் பெற்றவர் யார்? கோஸ் தீவுக் குடியானவன் செய்த சாதாரணச் சரக்கு இங்கே ராஜபோகம். கொடுமணலில் குந்தி உட்கார்ந்து கண் நோகக் கல் அறுத்தவன் செய்த அன்றாட வேலை அங்கே மகாராணி போகம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியார். இருவர் பண்டத்துக்கும் பெருமை ஏற்றியது இடையில் கிடந்த தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடத்தியவனே காசு கண்டான்.

தூரத்துப் பொருளைக் கண்டு மயங்கிய நாம், வீட்டிலே இருந்ததை மறந்ததும் உண்டு. தேனை மூங்கில் குழாயில் ஊற்றிப் பக்குவமாக முதிர வைத்த மலைநாட்டுத் தேறலை மலைபடுகடாம் சொல்கிறது. யவனச் சாடிக்குக் கிடைத்த புகழ் அந்த மூங்கில் குழாய்க்குக் கிடைக்கவில்லை. கொங்கை அடுத்த தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஒளவையார் புலம்பியது வேறு விதம். கள் கொஞ்சமாக இருந்தால் எமக்கே தந்து விடுவான், நிறைய இருந்தால் எங்களோடு பகிர்ந்து மகிழ்வான் என்று அழுகிறார். எந்தத் தேசத்துக் கள், என்ன விலை என்று அவர் சொல்லவில்லை. கொடுத்த கையின் நினைவுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

மதுவை விட்டு விடுவோம். இன்று சோமனூர் விசைத்தறியில் இறங்குகிற காடாத் துணிக்கும் இதே சரித்திரம்தான். நெய்பவருக்குக் கிடைப்பது மீட்டருக்கு இவ்வளவு என்ற கூலி. அந்தக் கூலியை உயர்த்தக் கேட்டு 2022-லும் 2025-லும் தறிகளை நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. அந்தத் துணி வெளுத்து, சாயமேறி, தைத்து, பெயர்ச் சீட்டு ஒட்டி எங்கோ ஒரு கண்ணாடி அலமாரியில் தொங்கும்போது அதன் விலையைக் கேட்டால் நெய்தவருக்கே நம்பிக்கை வராது.

பாண்டியனின் பொற்கிண்ணத்தைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், கொடுமணல் பானை ஓட்டையும் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தினால் நன்றாயிருக்கும். அந்த ஓடுகளில் கீறியிருப்பவை பெரும்பாலும் மனிதர்களின் பெயர்கள். கிண்ணத்தில் மதுவை ஊற்றிய பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. சாடியைச் சுட்ட குயவன் பெயரும் தெரியாது. நொய்யல் கரையில் வாழ்ந்தவர்கள் சிலருடைய பெயராவது மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. பாடப் புத்தகத்தில் அவற்றுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாம்.