தேநீருக்குச் சாத்திரம் இல்லை

தீண்டாமை பழங்காலத்து மிச்சம், பள்ளிக்கூடமும் பேருந்தும் மின்சாரமும் வந்தால் தானாகக் கரைந்துவிடும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சமூகவியல் வகுப்பிலும் இதைத்தான் படித்தோம். தேநீர்க்கடையின் வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

தேநீர் நம் ஊர்களுக்குப் புதிய பண்டம். காலனி ஆட்சியில் மலைத்தோட்டங்களில் விளைந்த தேயிலை பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போனது. 1930களில் உலகச் சந்தை சரிந்தபோதுதான் உள்நாட்டு மக்களைத் தேநீர் குடிக்கப் பழக்கும் பிரச்சாரம் முடுக்கிவிடப்பட்டது. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் அந்தக் கொழுந்தைப் பறித்த கைகளில் பெரும்பகுதி நம்முடையவை. எந்த ஆகமத்திலும் தேநீர் கிடையாது. மனு அதற்கு விதி எழுதவில்லை. ஆனாலும் கிராமத்துக்குக் கடை வந்தபோது கூடவே தனிக்குவளையும் சிரட்டையும் வந்தன. பண்டம் புதிது, கடை புதிது, காசு கொடுத்து வாங்கிக் குடிப்பதும் புதிது. பாகுபாட்டை மட்டும் மரபிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. யோசித்துப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. செய்தார்கள்.

நகரத்துக் காப்பி ஓட்டல்களிலும் ரயில் நிலைய உணவகங்களிலும் பிராமணர்களுக்குத் தனியிடம் இருந்தது. சுயமரியாதை இயக்கம் அதை எதிர்த்துப் போராடியது. ரயில் நிலையங்களில் அந்தப் பிரிவினை 1941இல் ஒழிந்தது. கொண்டாட வேண்டிய வெற்றிதான். ஆனால் அந்தப் பலகை இறங்கியதால் தலைநிமிர்ந்து உள்ளே போன இடைச்சாதியினர் பலருக்கு, தம் ஊர்க்கடையின் தனிக்குவளை உறுத்தவில்லை.

பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவகப் பாத்திரங்களைக்கூடத் தனியே குறிப்பிட்டது. கடைக்காரர் என்ன செய்தார்? குவளையை மாற்றினார். ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குத் தூக்கியெறியும் பிளாஸ்டிக் கப். 2019இல் அந்தக் கப்புக்குத் தடை வந்தது, சுற்றுச்சூழலுக்காக! இப்போது காகிதக் கப். புகார் கொடுத்தால் சுகாதாரம் என்பார்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரின் மேல் பின்னாளில் கம்பி இழுத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். போராட்டத்துக்குப் பிறகே 2008 மே மாதம் அரசு அதில் ஒரு பகுதியை இடித்தது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்க மாவட்ட ஆட்சியர் வந்தபோது, இறையூர்த் தேநீர்க்கடையின் இரட்டைக்குவளையும் வெளியே வந்தது. தொட்டி வழக்கில் 2025இல் சிபிசிஐடி போலீசார் பாதிக்கப்பட்ட மக்களில் மூவர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். மக்கள் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு எங்கே போய் முடிந்தாலும், குவளையை வைத்தது யார் என்பதில் குழப்பம் ஏதுமில்லை.

கள ஆய்வுக்குப் போகும் மாணவத் தோழர்கள் ‘இரட்டைக்குவளை உண்டா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்புவார்கள். பெஞ்சில் உட்காருவது யார், கப்போடு சாலையோரம் போய் நிற்பது யார் என்று பாருங்கள். கடைக்காரரிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். சேரியில் அந்தக் கடைப்பக்கமே போகாத நம் பெண்களிடமும், ஏன் போவதில்லை என்று கேளுங்கள்.