தோல் காலணியும் ஹிஸ்பா மரபும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசி வட்டார மக்களின் காலணிகளுக்குச் சோதனைக் காலம் தொடங்கிவிடும். ஆனி முதல் ஆவணி வரை மலையிலிருந்து இறங்கும் தூறல் தெருவையும் வரப்பையும் தோட்டப் பாதையையும் காயவிடாது. செண்பகாதேவி அருவிக்கு ஏறும் காட்டு வழியில் அட்டைகள் காலைப் பற்றிக்கொள்ளும். மலையடிவாரத் தோட்டங்களில் பணிபுரிவோருக்கு நல்ல தோல் பூட்ஸ் என்பது அலங்காரமன்று. மண்வெட்டியையும் அரிவாளையும் போல் அதுவும் ஓர் உழைப்புக் கருவியே.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவருக்கு அத்தகைய தோட்டமொன்றில் மேற்பார்வை வேலை கிடைத்தது. அவருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். பளபளப்பையும் விலையையும் பார்த்தோமேயன்றி வேறெதையும் பார்க்கவில்லை. ஒரு சாரலைக்கூட அது தாங்கவில்லை. தென்காசியில் சாலையோரம் செருப்புத் தைக்கும் முதியவரிடம் அதைக் கொண்டுபோனோம். அவர் கத்தியால் அடிப்பாகத்தைக் கீறிப் பிரித்துக் காட்டினார். தோல் இருக்க வேண்டிய இடத்தில், நனைந்து கூழாகிப்போன காகித அட்டை இருந்தது. "மலையில அட்டை வெளியே இருக்கும் பாய், இதுல உள்ளயேல்லா இருக்கு" என்றார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. ஏனெனில் இதே மோசடியைப் பற்றி எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்த ஓர் அரபு நூலை நாம் வாசித்திருந்தோம். வாசித்ததைக் கடைவீதிக்குக் கொண்டுசெல்ல மறந்திருந்தோம்.

முஹ்தஸிபின் பார்வை

கடைத்தெருவில் தானியக் குவியலொன்றைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை விட்டுப் பார்த்ததையும், மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்ததால் வணிகரைக் கண்டித்ததையும் ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது, கை உள்ளே சென்றது என்பதை. பொருளின் தரம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அன்று, தெரியாத இடத்தில் சோதிக்கப்பட்டது. பிற்காலத்தில் வளர்ந்த ஹிஸ்பா என்னும் சந்தைக் கண்காணிப்பு அமைப்புக்கு இதுவே உயிர் எனலாம். அதன் அதிகாரியான முஹ்தஸிப் எடைக்கல்லையும் அளவுகோலையும் மட்டுமல்லாமல் ஒவ்வொரு தொழிலின் உட்கூறுகளையும் அறிந்திருக்க வேண்டும்.

அதற்கென எழுந்த கையேடுகளுள் முன்னோடியானது ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில், ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தில், ஷாம் தேசத்தைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு நஸ்ர் அஷ்ஷைஸரீ இயற்றிய 'நிஹாயத்துர் ருத்பா ஃபீ தலபில் ஹிஸ்பா'. ஹிஜ்ரி 729இல் மறைந்த இப்னுல் உகுவ்வா தமது 'மஆலிமுல் குர்பா'வில் இதே வழியில் மேலும் விரிவாக எழுதினார்.

அஷ்ஷைஸரீயின் நூலில் காலணி தைப்போருக்கென ஓர் இயல் உண்டு. அதன் சாரம் வருமாறு: உள்தோலுக்கும் மேல்தோலுக்கும் இடையில் கந்தல்களை அதிகம் திணிக்கக் கூடாது. குதிகால் பகுதியை இறுக்கமாக அமைக்க வேண்டும். பதனிடுகையில் கருகிய தோலையோ, சரியாகப் பதப்படாத பச்சைத் தோலையோ அடித்தோலாகப் பொருத்தக் கூடாது. நூலை நன்கு முறுக்க வேண்டும். ஒரு முழத்துக்கு மேல் நீளமான நூலால் தைக்கக் கூடாது, நீண்ட நூல் முறுக்கவிழ்ந்து வலுவிழக்கும். தையலுக்குப் பன்றி முடியைப் பயன்படுத்தக் கூடாது. நாள் குறிக்காமல் வாடிக்கையாளரை அலையவிடக் கூடாது.

இவற்றுள் பெரும்பாலானவை காலணியின் மறைவிடங்களைப் பற்றியவை. நிறத்தைப் பற்றியோ மெருகைப் பற்றியோ இப்பட்டியலில் எதுவுமில்லை. அவற்றை வாங்குபவரே பார்த்துக்கொள்வார். அவரால் பார்க்க முடியாததைத்தான் முஹ்தஸிப் பார்க்க வேண்டும். கந்தலின் இடத்தில் காகித அட்டை வந்ததைத் தவிர, தென்காசியில் நாம் கண்ட மோசடி அதுவேதான்.

ஃபிக்ஹு நூல்கள் சொல்லும் உறுதி

உளூவின்போது குஃப்பு எனும் தோல் காலுறையைக் கழற்றாமல் ஈரக்கையால் தடவிக்கொள்ளும் சலுகையை நாம் அறிவோம். ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவுகளும் அதன் கால அளவு. தபூக் பயணத்தில் முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் குஃப்பைக் கழற்றக் குனிந்தபோது நபியவர்கள் தடுத்த செய்தி பிரபலமானது. அபிசீனிய மன்னர் நஜாஷி அன்பளிப்பாக அனுப்பிய கறுப்பு நிறக் குஃப்புகளை அவர்கள் அணிந்ததும் பதிவாகியுள்ளது.

இச்சலுகைக்குச் சட்ட அறிஞர்கள் விதித்த நிபந்தனைகளைத் தொழிற்கண்ணோடு படித்தால் அவை உழைப்புக் காலணியின் தர விதிகளாகவே தோன்றும். கணுக்கால் உட்படக் கழுவ வேண்டிய பகுதி முழுவதையும் மூட வேண்டும். அதை அணிந்து தொடர்ந்து நடந்து வேலைகளை முடித்துக்கொள்ளும் அளவுக்கு உறுதி வேண்டும். ஷாஃபிஈ நூல்கள், தையல் துளைகள் நீங்கலாக வேறெங்கும் நீர் உட்புகாதிருக்க வேண்டும் என்கின்றன. கிழிசல் விஷயத்தில் ஹனஃபி மத்ஹபு, காலின் சிறுவிரல் அளவில் மூன்று விரல் தெரியாதவரை பொறுத்துக்கொள்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தோ சிறு கிழிசலையும் ஏற்பதில்லை. நீரையும் பாதையையும் நன்கறிந்தவர்கள் எழுதிய விதிகள் இவை.

தோலைப் பற்றிய விவாதமும் அத்தகையதே. மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என நபியவர்கள் வினவினார்கள். எதைக் கொண்டு பதனிடுவது? வெயிலில் உலர்த்துவதும் மண் தூவுவதும்கூடப் பதனிடலின் விதியில் அடங்கும் என்பர் ஹனஃபிகள். தோலின் கொழுப்பையும் ஈரக்கசிவையும் அகற்றும் கார்ப்புப் பொருள் வேண்டும், அப்படிப் பதப்பட்ட தோல் பின்னர் நீரில் ஊறினாலும் நாறக் கூடாது என்பர் ஷாஃபிஈகள். அவர்கள் எடுத்துக்காட்டும் பொருள்களுள் மாதுளைத் தோலும், ஹதீஸில் பெயர் குறிக்கப்பட்ட 'கரழ்' என்பதும் உண்டு. இந்தக் கரழ் வேறெதுவுமன்று; நம் கண்மாய்க் கரைகளில் நிற்கும் கருவேல மரத்தின் காயே. அரபு நாட்டில் கருவேலங்காய் செய்த வேலையைத் தமிழகத்தில் ஆவாரம்பட்டை செய்தது. இரண்டிலும் தோலை இறுக்குவது துவர்ப்புச் சத்துதான்.

தைத்தவர்களின் தகுதி

ஹனஃபி சட்ட மேதைகளுள் ஒருவரான, ஹிஜ்ரி 261இல் பக்தாதில் மறைந்த அபூபக்ர் அவர்கள் 'அல்கஸ்ஸாஃப்' என்றே அறியப்படுகிறார். காலணி தைப்பவர் என்பது அதன் பொருள். வக்ஃபு சட்டத்துக்கும் நீதிபதியின் ஒழுக்கத்துக்கும் அடிப்படை நூல்கள் தந்த அவர், தம் கைத்தொழிலால் பிழைத்தவர். பஸராவின் ஹதீஸ் அறிவிப்பாளர் காலித் அல்ஹத்தா அவர்களின் பெயருக்கும் செருப்புத் தைப்பவர் என்றே பொருள். ஆனால் அவர் செருப்புத் தைத்தவரல்லர். தைப்போருடன் அமர்ந்து பழகியதால் அப்பெயர் பெற்றார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். செருப்புத் தைப்போருடன் அமர்வதை அவர் இழிவாகக் கருதவில்லை. நபியவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கையில் இழிவு எங்கிருந்து வரும்? ஸ்பெயினின் குர்துபா நகரத் தோல் அத்தனை புகழ்பெற்றிருந்ததால், ஆங்கிலேயர் காலணி தைப்பவரைக் 'கார்ட்வெய்னர்' என அந்நகரின் பெயராலேயே அழைத்தனர்.

நம் நாட்டில் இத்தொழிலின் மீது சாதியின் நிழல் படிந்தது. தோலை உரித்தவர்களும் ஊறவைத்தவர்களும் தைத்தவர்களும் தாழ்த்தப்பட்டனர். தமிழ் முஸ்லிம்கள் தோல் வணிகத்தில் துணிந்து இறங்கியதற்கு மார்க்கத்தில் இத்தொழிலுக்கு விலக்கில்லாமை ஒரு காரணம் எனலாம். ஆயினும் தொட்டியில் இறங்கியவரோடு காலித் அல்ஹத்தாவைப் போல் நாம் எத்தனை பேர் அமர்ந்தோம் என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாலாற்றங்கரையின் பெருமை

சென்னைப் பெரியமேடு தோல் மண்டிகள், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், தெற்கே திண்டுக்கல் என விரிந்த இவ்வணிகத்தில் முஸ்லிம்களின் பங்கு மிகப் பெரியது. ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயால் மெருகேற்றிய சென்னை மாகாணத் தோல் இலண்டன் சந்தையில் தனிப்பெயர் பெற்றது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுடைய பூட்ஸின் மேற்பாகத்துக்காக அது பெருமளவில் கொள்முதல் செய்யப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பால் பதனிடும் முறையைச் சோதித்தார். பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் ஆலையே குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது. 1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1970களில் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் முழுக் காலணிகளைத் தைத்து அனுப்பும் ஊர்களாயின.

தோலில் ஈட்டிய செல்வம் கல்வியாகவும் மலர்ந்தது. 1951இல் தொடங்கிய திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும், 1965இல் எழுந்த மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் தோல் வணிகர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அரபு மத்ரஸாக்களில் ஓதியவர்கள் உண்ட சோற்றிலும் அவ்வணிகத்தின் பங்கு உண்டு. நாமும் அக்கடன் பட்டவர்களே.

வாங்குபவரே முஹ்தஸிப்

இன்று கடைத்தெருவில் முஹ்தஸிப் இல்லை. தர முத்திரை ஓரளவுக்கு அப்பணியைச் செய்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தில் 15298 என்னும் எண் பாதுகாப்புக் காலணிக்குரியது; விரல்களின் மேல் பாரம் விழும் வேலை செய்வோர் அந்த எண்ணையும் முத்திரையையும் பார்த்து வாங்க வேண்டும். மற்றதை வாங்குபவரே சோதிக்க வேண்டும்.

முதலில் தோல். இயற்கை மேற்பரப்பு சுரண்டப்படாத முழுத் தோலை வளைத்தால் நுண்ணிய சுருக்கங்கள் தோன்றி மறையும். தடித்த பூச்சு பூசிய தோலோ மடிப்பில் பாளமாக வெடிக்கும். குரோம் தோல் மென்மையானது; ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்கும்; சாரல் நாட்டில் மேற்பாகத்துக்கு ஏற்றது. பட்டையில் பதனிட்ட கெட்டித் தோல் உள்ளடிக்கு ஏற்றது. நாளடைவில் பாதத்தின் வடிவை ஏற்றுக்கொள்ளும்.

அடுத்து இணைப்பு. பசையால் மட்டும் ஒட்டியது ஈரத்தில் பிரியும். மேற்பாகத்தையும் உள்ளடியையும் சுற்றி ஒரு தோல்வாரைத் தைத்து, அவ்வாரோடு அடித்தோலைத் தைக்கும் முறை பழைமையானது. 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் அது இயந்திரத்துக்கு மாறியது. 'குட்இயர் வெல்ட்' என்பர். அடி தேய்ந்தால் தையலைப் பிரித்துப் புதிய அடியைப் பொருத்தலாம்.

மூன்றாவது அளவு. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021, 2022ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. மேலைநாட்டாரின் பாதத்தைவிட நம் பாதம் அகலமானது என்று அவ்வாய்வு கண்டது. அகலம் போதாமல் நீளம் கூடிய காலணியை வாங்கி, அதற்குள் கால் வழுக்க நடக்கிறோம். ஆகவே முடிந்தவர்கள் அளவு கொடுத்துச் செய்துகொள்வதே மேல். பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலையில், எழுந்து நின்று, இரு பாதங்களையும் தாளில் தனித்தனியே வரைய வேண்டும். விரல்மூட்டுச் சுற்றளவையும் புறங்கால் சுற்றளவையும் அளந்து, பெரிய காலுக்கேற்பச் செய்யச் சொல்ல வேண்டும். நனைந்தால் தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். அடுப்பருகே வைத்தால் அஷ்ஷைஸரீ விலக்கிய கருகிய தோலை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

இன்னும் ஆழமான மறைவிடம்

அந்த மாணவருக்கு இரண்டாம் முறை அளவு கொடுத்தே செய்வித்தோம். அடியை மூடுமுன் உள்ளே காட்டுமாறு கேட்டோம். தைப்பவர் முகம் மலர்ந்து காட்டினார். உள்ளே கெட்டித் தோலே இருந்தது. ஆனால் அத்தோலைக் கழுவிய நீர் எங்கே போயிற்று என்று கேட்க நம்மால் இயலவில்லை. அவருக்கும் அது தெரியாது.

அந்நீரைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் உறுதியாக்கி, தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் உயிரிழந்தனர். 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று வழக்கில் வந்த தீர்ப்பு, இழப்பீடு கொடுத்ததோடு கடமை தீராது, கெட்டது சீராகும்வரை பொறுப்பு தொடரும் என்றது.

இத்தொழிலை மூடிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அதை நம்பியுள்ள குடும்பங்கள் மிகப் பல. அவற்றுள் தையல் இயந்திரத்தின் முன் அமரும் நம் சகோதரிகளின் குடும்பங்களும் அடங்கும். நாம் சொல்வது ஒன்றே. பிறர் தந்திருந்தால் மோசடி என்போமாகில், நம்மவர் ஆலையிலிருந்து ஆற்றுக்குச் செல்லும் கழிவை வேறு பெயரால் அழைக்க ஃபிக்ஹில் இடமில்லை. தானியக் குவியலுக்குள் சென்ற கை, காலணியின் உள்ளடியோடு நின்றுவிடாது. அது பாலாற்று மணலையும் தொட்டுப் பார்க்கும். அந்த மணல் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதை அக்கரையில் வாழும் நம்மவர்கள் நம்மைவிட நன்கறிவார்கள்.